நிரம்பும் கட்டங்கள்: சேமிப்பு ஏன் மனவுறுதியின் கணக்கு அன்று

சேமிப்பைப் பற்றி இந்நாட்டில் எழுதப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. செலவைச் சுருக்க வேண்டும், ஆசையை அடக்க வேண்டும், மாதத் தொடக்கத்திலேயே வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கிவிட வேண்டும் என்பவை அவற்றின் சாரம். சேமிப்பவர் ஒழுக்கமுடையவர், சேமிக்காதவர் மனவுறுதி அற்றவர் என்ற தீர்ப்பும் அவற்றினுள் மறைந்து கிடக்கிறது. ஆனால், இந்தியாவின் பல பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்ட சேமிப்பு முறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றுள் எதுவும் தனியொருவரின் மனவுறுதியை நம்பி அமைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. குறித்த நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கும் ஓர் ஆள், நாள்தோறும் நிரம்பிக்கொண்டே வரும் ஓர் அட்டை, குலுக்கினால் ஓசை தரும் ஒரு மண்கலம், தேநீரும் பேச்சுமாக ஒரு கூட்டம் ஆகியவற்றின் மீதே அவை நிற்கின்றன. அம்முறைகளில் சேமிப்பது இனிமையாக இருந்தது. ஆகவேதான் அது தொடர்ந்தது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஒன்று விஜயவாடாவிலிருந்து கிடைக்கிறது. ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு 'ஏழைகளும் அவர்களது பணமும்' என்ற பொருளுடைய தம் ஆங்கில நூலில், அந்நகரத்துக் குடிசைப் பகுதிகளில் நாள்தோறும் சேமிப்புப் பணம் வசூலித்து வந்த பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் தம் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் 220 கட்டங்கள் கொண்ட அட்டை ஒன்றைத் தருவார். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டத்தில் குறியிடுவார். எல்லாக் கட்டங்களும் நிரம்பும்போது 1,100 ரூபாய் சேர்ந்திருக்கும். அதில் 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 100 ரூபாயைத் தம் உழைப்புக்கான கட்டணமாக வைத்துக்கொள்வார்.

சேமிப்பவருக்கு இங்கு வட்டி கிடையாது. சேமிப்பவரே வட்டி கொடுக்கிறார். 220 நாள்களில் வசூலிப்பவரிடம் சராசரியாகக் கிடக்கும் தொகை ஏறத்தாழ 550 ரூபாய். அதன்மீது 100 ரூபாய்க் கட்டணம் என்பது ஆண்டுக் கணக்கில் சற்றேறக்குறைய 30 விழுக்காடு. பொருளியல் பாடநூலை மட்டும் படித்தவர் இதனை அறியாமை என்று கருதக்கூடும். ஆனால், அந்தப் பெண்கள் விலை கொடுத்து வாங்குவது எதை என்று கேட்க வேண்டும். வீட்டில் கிடந்தால் கணவர் கேட்பார், பிள்ளை கேட்பான், உறவினர் கடனாகக் கேட்பார், தம் மனமே கேட்கும். அந்த ஐந்து ரூபாய் இத்தனை கைகளிலிருந்தும் தப்ப வேண்டுமானால், காலையிலேயே அதனை வேறொருவர் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளிக் கட்டணமாகவோ விழாச் செலவாகவோ ஆயிரம் ரூபாய் ஒரே தொகையாகக் கையில் வந்து சேருவதற்கு நூறு ரூபாய் அவர்களுக்கு ஏற்புடைய விலை. கட்டங்கள் நிரம்பும் அட்டையோ, எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு நோக்கில் தம் முன்னேற்றத்தை அளந்துகொள்ளக்கூடிய ஓவியம். முக்கால் பங்கு நிரம்பிய அட்டையை எவரும் எளிதில் கைவிட மாட்டார்.

வாசலுக்கு வரும் இந்த ஆளை ஒரு வங்கியே உருவாக்கிய வரலாறும் உண்டு. 1925இல் உடுப்பியில் உபேந்திர அனந்த பை, வாமன் குட்வா, மருத்துவர் டி.எம்.ஏ. பை ஆகியோர் தொடங்கிய கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பேங்கிங் சிண்டிகேட் என்ற நிறுவனம், நலிந்துகொண்டிருந்த கைத்தறி நெசவாளர்களுக்கு உதவுவதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. 1928இல் அது 'பிக்மி' வைப்புத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. நாளொன்றுக்கு இரண்டணா, அதாவது ரூபாயில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். முகவர் வீட்டுக்கோ கடைக்கோ வந்து பெற்றுக்கொள்வார். சிறியது என்ற பொருளை நாணமின்றிப் பெயரிலேயே சூட்டிக்கொண்ட திட்டம் அது. வங்கிக் கட்டடத்தின் படியேறத் தயங்கியவர்களிடம் வங்கியே நடந்து சென்றது. அந்நிறுவனம் பின்னர் சிண்டிகேட் வங்கி எனப் பெயர் மாறி, 1969இல் நாட்டுடைமையாகி, 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியுடன் இணைந்தது. ஆயினும் கர்நாடகத்தின் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் 'பிக்மி' என்ற சொல் இன்றும் பொதுப்பெயராகவே வழங்குகிறது.

இவ்வினிமையின் செலவை யார் ஏற்றார் என்பதும் சொல்லப்பட வேண்டும். வெயிலிலும் மழையிலும் கடை கடையாக ஏறி இறங்கிய முகவர்கள் பல்லாண்டுகள் தரகுத்தொகையை மட்டுமே பெற்றுவந்தனர். அவர்கள் வங்கியின் ஊழியர்களா, தனித்தியங்கும் தரகர்களா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2001இல் அந்நீதிமன்றம், வைப்புத்தொகை வசூலிப்போர் தொழிற்தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளர்களே என்று கூறியது. சேமிப்பவரின் ஒழுக்கம் என்று போற்றப்பட்டதில் ஒரு பகுதி, உண்மையில் வசூலிப்பவரின் கால்களுடைய உழைப்பு.

வாசலுக்கு ஆள் வராத இடங்களில் அடுப்படி அப்பணியைச் செய்தது. மிசோரத்தில் 'பூஃபாய் தாம்' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு பிடி அரிசி என்பது அதன் பொருள். 1910இல் தொடங்கிய இம்முறையில், சமைக்கும் ஒவ்வொரு வேளையும் குடும்பத்துப் பெண் உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவார். சேர்ந்த அரிசியைப் பெண்கள் வீடு வீடாகத் திரட்டுவர்; அது விற்கப்பட்டுத் திருச்சபையின் பணிகளுக்குச் செல்லும். கேரளத்தின் 'பிடியரி'யும் இதே இனத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக இவ்வாறு அரிசி திரட்டினார். இவை கொடைக்கான சேமிப்புகள் என்றாலும், இவற்றின் பொறியமைப்பு எல்லாச் சேமிப்புக்கும் பாடமாகத் தக்கது. மிஞ்சியதை எடுத்து வைப்பது என்றால் எந்நாளும் எதுவும் மிஞ்சாது. உலை கொதிக்கும் முன் எடுத்த ஒரு பிடியோ, உண்பவரின் வயிற்றுக்குத் தெரிவதில்லை. மேலும், அச்செயலுக்கெனத் தனியே நேரமும் நினைவும் தேவையில்லை. சமையல் என்ற தவறாத பழக்கத்தின் முதுகில் சேமிப்பு என்ற புதிய பழக்கம் ஏறிக்கொள்கிறது.

கூட்டத்தின் இன்பம் வேறு வகையானது. கேரளத்தில் 'குறி' அல்லது 'சிட்டி' என்றும் தமிழில் சீட்டு என்றும் வழங்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். இருபது பேர் மாதந்தோறும் ஐயாயிரம் ரூபாய் போட்டால் ஒரு லட்சம் சேரும். அவசரத் தேவையுடைய ஒருவர் எண்பதாயிரம் போதும் என்று ஏலத்தில் எடுக்கிறார் எனக் கொள்வோம். அவர் விட்டுக்கொடுத்த இருபதாயிரத்தில் நடத்துநரின் கட்டணம் ஐயாயிரம் போனால், மீதிப் பதினைந்தாயிரம் இருபது பேருக்கும் தலைக்கு 750 ரூபாயாகப் பிரியும். அம்மாதம் ஒவ்வொருவரும் 4,250 ரூபாய் கட்டினால் போதும். இதில் கடன் வாங்குபவரும் சேமிப்பவரும் ஒரே வட்டத்தில் அமர்ந்திருக்கின்றனர். இம்மாதம் எவ்வளவு கழிவு கிடைக்கும், யார் எடுப்பார் என்ற எதிர்பார்ப்பு ஒவ்வொரு மாதமும் உயிரோடு இருக்கிறது. 1969இல் கேரள அரசு தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் இவ்வூர்ப் பழக்கத்தை அரசுப் பொறுப்பில் நடத்திவருகிறது. 1982இன் சீட்டு நிதிச் சட்டம் அதற்கு நாடளாவிய வரையறை தந்தது.

வட மலபாரின் வடகரைப் பகுதியில் வழங்கும் 'பணப்பயற்று' இன்னும் சுவையானது. பணத்தேவை உள்ளவர் ஊராரைத் தேநீர் விருந்துக்கு அழைப்பார். வருபவர் தம்மால் இயன்ற தொகையைக் கொடுப்பார். அது குறிப்பேட்டில் பதியப்படும். கொடுத்தவர் பின்னொரு நாள் விருந்து வைக்கும்போது, பெற்றவர் அத்தொகையைக் கூட்டித் திருப்பிச் செலுத்துவார். புதுக்கோட்டை, தஞ்சாவூர் வட்டாரங்களின் மொய்விருந்தை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. இன்று கொடுப்பது நாளைக்கான சேமிப்பு. அது இருப்பதோ ஊராரின் நினைவிலும் குறிப்பேட்டிலும். வட்டிவிகிதத்தால் மட்டும் இதனை அளக்க முனைபவர், அங்குக் கூடும் மனிதர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார்.

1992இல் நபார்டு வங்கி தொடங்கிய சுயஉதவிக் குழு இணைப்புத் திட்டமும், 1998இல் கேரளத்தில் உருவான குடும்பஸ்ரீயும் இந்தக் கூடுகையைத்தான் நிறுவனமாக்கின. குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் வாரந்தோறும் கொண்டுவரப்படும் தொகை சிறிது. ஆனால், அடுத்த வாரமும் அதே முகங்கள் எதிரே இருக்கும் என்பது பெரிது. ஒரு வாரம் பணம் கொண்டுவர இயலாதவர் அதற்கான காரணத்தை அங்கேயே சொல்கிறார். அக்காரணமே பலவேளைகளில் குழுவின் அடுத்த கடனுக்கான விண்ணப்பமாகிறது.

இனி, கூட்டத்திற்கு நேர்மாறான ஓர் இன்பம்: மறைவு. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் ஒளித்துவைத்த பணத்தைத் தமிழ் 'சிறுவாடு' என்று அழகாகப் பெயரிட்டது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, நாடு முழுவதும் இந்த மறைவுச் செல்வம் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்கு இழுக்கப்பட்டது. கணவர் அறியாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை அவர் கையாலேயே வங்கியில் செலுத்த வேண்டிய நிலை பலருக்கு நேர்ந்தது. பின்னர் 2021இல், குவாலியரைச் சேர்ந்த குடும்பத்தலைவி ஒருவர் அக்காலத்தில் செலுத்திய 2,11,500 ரூபாயை விளக்கமற்ற வருவாயாகக் கருதிய வரித்துறையின் முடிவை ஆக்ரா வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. குடும்பச் செலவிலிருந்து பெண்கள் மிச்சம் பிடிப்பது இந்நாட்டின் இயல்பு என்பதனை ஒரு தீர்ப்பாயம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. சிறுவாட்டின் இனிமை அதன் தொகையில் இல்லை. யாரிடமும் கேளாமல் ஒரு முடிவை எடுக்கத் தமக்கும் ஒரு சிறு நிலம் உண்டு என்ற உணர்வில் அது இருக்கிறது. 1974இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பின் நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கியதும் இவ்வுணர்வின் பொதுவடிவமே.

இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதி உண்மையாகிவிடும். சேமிப்பை இனிமையாக்கும் ஒவ்வொரு கருவியும் சேமிப்பவரை ஏமாற்றவும் பயன்பட்டிருக்கிறது. 2013இல் மேற்கு வங்கத்தில் சாரதா குழுமம் சரிந்தபோது, பணத்தை இழந்தவர்களுள் மிகப் பலர் சிறுசேமிப்பாளர்கள். அங்கும் வாசலுக்கு வந்தவர் தெரிந்த முகம். பெரும்பாலும் உறவினர் அல்லது அண்டை வீட்டார். சிறு தொகை, கனிவான பேச்சு, திருவிழா ஆரவாரம் ஆகிய எல்லாமே இருந்தன. பணம் மட்டும் இல்லை. பரிசுச் சீட்டுகளையும் பணச்சுழற்சித் திட்டங்களையும் தடைசெய்யும் சட்டம் 1978லேயே இயற்றப்பட்டுவிட்டது. அதற்குப் பின்னும் இத்தகைய சரிவுகள் நிகழ்ந்ததற்குக் காரணம், மக்கள் வட்டியை மட்டும் பார்த்து ஏமாந்தார்கள் என்பதன்று. முறையான வங்கி அவர்களுடைய தெருவிலிருந்து தொலைவில் இருந்தது. முறையற்ற நிறுவனத்தின் முகவரோ ஒவ்வொரு நாளும் வந்தார்.

ஆகவே, இனிமையான எந்தச் சேமிப்பு முறையையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். பணம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது? அதற்குச் சட்டப்படி பொறுப்பேற்பவர் யார்? இந்த இனிமைக்கு நான் கொடுக்கும் விலை எவ்வளவு? விஜயவாடாப் பெண்கள் மூன்றாம் கேள்விக்கு விடை அறிந்திருந்தனர்: நூறு ரூபாய். தாம் கொடுக்கும் விலையை அறிந்து கொடுப்பவரை ஏமாந்தவர் என்று சொல்வதற்கில்லை.

கைப்பேசிக் காலத்தில் இக்கேள்விகள் மேலும் கூர்மையாகின்றன. 2016இல் யு.பி.ஐ. வந்த பின் பணம் கொடுப்பதன் வலி குறைந்தது; கூடவே, சில்லறையும் மறைந்தது. தேநீர்க் கடையில் மீதமாகக் கிடைத்த இரண்டு ரூபாய் நாணயம்தான் வட இந்தியாவின் 'குல்லக்' உண்டியலுக்கும், வங்கத்தில் திருமகள் பெயரால் வழங்கும் மண்கலத்துக்கும் உணவாக இருந்தது. செலவு நொடியில் முடியும் செயலானபோது, சேமிப்பு மட்டும் படிவங்களுடன் நின்றுவிட்டது. அவ்விடைவெளியில் இன்று செயலிகள் புகுந்துள்ளன. ஒவ்வொரு செலவையும் அடுத்த பத்து ரூபாய்க்கு உயர்த்தி மிச்சத்தைச் சேமிப்பாக மாற்றுதல், தொடர்ந்து சேமித்த நாள்களை எண்ணிக் காட்டுதல், சக்கரத்தைச் சுழற்றிப் பரிசளித்தல் என்று அவை செய்வன எல்லாம் பழைய அட்டையின், பழைய ஏலத்தின் மறுபிறப்புகளே. இதில் இழிவு ஏதுமில்லை. ஆனால், அச்சில்லறை பல இடங்களில் 'டிஜிட்டல் தங்கம்' ஆகிறது. அது செபியின் ஒழுங்குமுறைக்குள் வராத பொருள் என்பதும், வாங்கும்போது வரியும் விற்கும்போது விலை வேறுபாடும் உண்டு என்பதும் சுழலும் சக்கரத்தின் பின்னால் மறைந்துவிடக் கூடாது.

இவையெல்லாம் ஆய்வுலகத்துக்கு வெளியே நிகழும் செய்திகள் என்று கருதத் தேவையில்லை. இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் வாழும் ஆய்வு மாணவரின் வருவாய், மாதச் சம்பளக்காரரைக் காட்டிலும் விஜயவாடாவின் அன்றாடக் கூலிப் பெண்ணின் வருவாயையே தன்மையில் ஒத்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது உண்மை. ஆனால், அது மாதந்தோறும் தவறாமல் வருவது அனைவருக்கும் வாய்ப்பதில்லை. சில மாதங்கள் ஒன்றுமில்லை. பிறகு ஒரே நாளில் நிலுவை முழுவதும். உதவித்தொகையே இல்லாமல் ஆய்வு செய்வோரின் நிலை இதனினும் கடினம். மாதத்தின் முதல் நாளில் இருபது விழுக்காடு ஒதுக்குக என்ற அறிவுரை, முதல் நாளே இல்லாத இவர்களுக்குப் பொருந்தாது. அஞ்சலகத் தொடர்வைப்பும் சம்பளக்காரரை மனத்தில் வைத்தே வரையப்பட்டது. தவறிய மாதத்துக்கு நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற கட்டணம் சிறிதுதான், ஆயினும் நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு நிறுத்தப்பட்ட நிலைக்குச் செல்லும்.

இத்தகைய வருவாய்க்கு முன்சொன்ன மரபுகளிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். நிலுவை மொத்தமாக வரும் நாளில் அதனை வேறொரு கணக்கில் இட்டு, அங்கிருந்து மாதந்தோறும் தமக்குத் தாமே சம்பளம் அனுப்பிக்கொள்வது உலைக்கு முன் எடுத்த பிடி அரிசிக்கு இணையானது. பணத்துக்கு ஒரு பெயர் இடுவது அடுத்தது. ரிச்சர்ட் தேலர் 'மனக்கணக்கு' என்று விளக்கியதும், விவியானா ஸெலிஸர் தம் ஆய்வுகளில் காட்டியதும் இதுவே: மனிதர் எல்லா ரூபாயையும் ஒரே ரூபாயாகக் கருதுவதில்லை. 'சேமிப்பு' என்ற பெயரில் கிடக்கும் தொகையைக் கரைப்பது எளிது; 'அம்மாவின் கண் அறுவை' என்றோ 'களப்பணிக்கான இரயில் கட்டணம்' என்றோ பெயர் சூட்டிய தொகையைத் தொடுவதற்குக் கை தயங்கும். மூன்றாவது, கட்டம் போட்ட ஒரு தாள். மேசைக்கு எதிரே ஒட்டப்பட்ட நூறு கட்டங்களுள் ஒன்றை நிரப்புவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அத்தியாயத்தின் சொல் எண்ணிக்கையை நாள்தோறும் குறித்துவைக்கும் ஆய்வாளருக்கு அதன் ஆற்றல் தெரியும். நான்காவது, துணை. நம்பத்தக்க இருவர் மூவர் மாதம் ஒருமுறை தேநீருடன் அமர்ந்து, தொகையைச் சொல்லாமல் கட்டங்களை மட்டும் காட்டிக்கொண்டால் போதும்.

தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு இரண்டணாவே விடை. மிக மோசமான மாதத்திலும் தவறாமல் கொடுக்கக்கூடியது எதுவோ அதுவே சரியான தொகை. நல்ல மாதத்தில் கூடுதலாகச் சேர்வது நல்லது. அதனைக் கடமையாக்கினால் அடுத்த மோசமான மாதத்தில் முறை முழுவதும் அறுந்துபோகும். தவறிய நாள்களுக்கும் அட்டையில் இடம் வேண்டும். விஜயவாடாவில் ஒரு நாள் பணம் கொடுக்காதவரின் அட்டை கிழிக்கப்படவில்லை. கட்டம் நிரம்ப மேலும் ஒரு நாள் ஆயிற்று, அவ்வளவுதான். தொடர்ச்சி அறுந்ததை உரக்க அறிவிக்கும் இன்றைய செயலிகளைவிட அந்த அட்டை மனித மனத்தை நன்கு அறிந்திருந்தது.

எவ்வளவு இனிமையாக்கினாலும் சேமிப்பு ஒரு எல்லைக்கு உட்பட்டது. இல்லாத பணத்தை எந்த அட்டையும் சேர்க்காது. கூலி குறைந்திருப்பதற்கும் உதவித்தொகை தாமதமாவதற்கும் சேமிப்புப் பழக்கம் மருந்தாகாது. அவற்றைக் கேட்டுப் பெறுவது வேறு வகைப் போராட்டம். சேவா பெண்கள் வங்கியையும் தொழிற்சங்கத்தையும் ஒரே கையால் நடத்தியது இதனை உணர்ந்துதான். ஆயினும், நிலுவை வரும்வரை விடுதி உணவுக் கட்டணத்துக்காக யாரிடமும் கைநீட்டாமல் இருக்கப் போதுமான தொகை ஒருவரிடம் இருந்தால், தாமதத்தை எதிர்த்து அவர் எழுதும் கடிதத்தின் நடையும் வேறாக இருக்கும்.